பறக்கும் ரயிலில் ரிச்சி தெருவுக்கு

வேளச்சேரியில் கிளம்பும் பறக்கும் ரயில் பெருங்குடி, தரமணி, திருவான்மியூர் என்று நின்று நின்று போகிறது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய தூண்களின் மேல் கோட்டூர்புரம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் கடந்து சிந்தாதிரிப்பேட்டையைத் தொட்டு, கடற்கரை நிலையத்தில் முடிகிறது. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய ரயில் 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டியது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, இருபது இருபத்தைந்தாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு எந்த லேப்டாப் வாங்குவது என்று தவிக்கும் குடும்பம் இந்த ரயிலில் ஒருமுறை போய்வர வேண்டும். தரமணியிலும் திருவான்மியூரிலும் சன்னலுக்கு வெளியே தெரியும் கண்ணாடிக் கட்டடங்களில் இன்று வேலை செய்துகொண்டிருக்கும் லேப்டாப்களில் பல, சில ஆண்டுகளில் சிந்தாதிரிப்பேட்டை நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ரிச்சி தெருவில் விற்பனைக்கு அடுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே, அவற்றை வாங்கிப் படிக்க வேண்டிய மாணவர்களின் கல்லூரிகள் ரயில் பாதை நெடுக இருக்கின்றன. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: இருபத்தைந்தாயிரத்துக்குள் புது லேப்டாப் வாங்குவதைவிட, அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட பழைய நல்ல லேப்டாப் ஒன்றைப் பார்த்து, சோதித்து வாங்குவதே பெரும்பாலான மாணவர்களுக்குச் சரியானது.

தரமணியிலிருந்தே தொடங்கலாம். ராஜீவ் காந்தி சாலையின் வாசலில் இருக்கும் டைடல் பார்க் 2000ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. அங்கிருந்து சிறுசேரி வரை அதன்பின் எழுந்த அலுவலகங்கள் எல்லாவற்றிலும் லேப்டாப் ஒரு மேசை நாற்காலி போலத்தான். மொத்தமாக வரும், மொத்தமாகப் போகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைக் கம்பெனிகள் ஏன் கைவிடுகின்றன என்று வாங்குபவர் சந்தேகப்படுவது நியாயம். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. வருமான வரிச் சட்டம் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் அனுமதிக்கிறது. 80,000 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப்பின் மதிப்பு ஓராண்டு முடிவில் 48,000, இரண்டாம் ஆண்டில் 28,800, மூன்றாம் ஆண்டில் 17,280 என்று கணக்கில் இறங்கிவிடும். அலுவலக மாடல்களுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு வாரன்டி எடுத்திருப்பார்கள்; குத்தகைக்கு எடுத்தவர்களின் ஒப்பந்தமும் அநேகமாக அதே வாக்கில் முடியும். வாரன்டி இல்லாத நூற்றுக்கணக்கான இயந்திரங்களைப் பராமரிப்பதைவிட மொத்தமாகக் கழித்துவிட்டுப் புதியது எடுப்பது அவர்களுக்கு எளிது. ஆகவே இந்த லேப்டாப்கள் விற்பனைக்கு வருவது பழுதானதால் இல்லை, தவணை முடிந்ததால். கட்டுக் கட்டாக ஏலத்தில் எடுப்பவர்கள், துடைத்துச் சோதித்துத் தரம் பிரிப்பவர்கள், சில்லறைக் கடைக்காரர்கள் என்று இரண்டு மூன்று கை மாறிக் கடைசியில் ரிச்சி தெருவுக்கு வந்து சேர்கின்றன. கடைக்காரர்கள் இதை ‘கம்பெனி மால்’ என்பார்கள்.

இனி மாணவரின் கணக்கு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆண்டுக்கு 12,000. அந்தப் பணத்தைத் தொடாமல் சேர்த்தாலும் இருபதாயிரம் ரூபாய் லேப்டாப்புக்கு இருபது மாதம் ஆகும். அந்த அளவு பெரிய தொகையை எதில் போடுகிறோம் என்பதை எடைபோட்டே ஆக வேண்டும். இருபத்தைந்தாயிரத்துக்குள் கிடைக்கும் புது லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் விலை எங்கெல்லாம் குறைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். ப்ராசசர் செலரான் அல்லது இன்டெலின் என் வரிசை. சில மாடல்களில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக அதைவிட மெதுவான இஎம்எம்சி நினைவகம். ஏஎம்டியின் ரைசன் 3 7320யூ போட்ட மாடல் என்றால், அந்தச் சிப் ஏற்கும் ரேம் வகையே மதர்போர்டில் பற்றவைக்கப்படுவதுதான். எட்டு ஜிபி வாங்கினால் நான்காண்டும் எட்டு ஜிபிதான். ஸ்க்ரீனை மூடித் திறக்கும் ஹிஞ்ச் மெல்லிய பிளாஸ்டிக்கில் திருகப்பட்டிருக்கும். இரண்டாம் ஆண்டில் அந்தப் பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்தால் மேல்மூடியையே மாற்ற வேண்டியிருக்கும். ப்ராசசர் பழையது என்ற எதிர்வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 2017இல் வந்த இன்டெல் எட்டாம் ஜெனரேஷனில்தான் மெல்லிய லேப்டாப்களுக்கான ஐ5 சிப் இரண்டு கோரிலிருந்து நான்கு கோராக உயர்ந்தது. அந்த நான்கு கோர் ஐ5, இன்று புதிதாக விற்கும் என்100 போன்ற சிப்புக்கு வேகத்தில் சளைத்ததில்லை. செலரான் என்4020 அதன் பக்கத்தில்கூட வராது.

எந்தப் படிப்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இந்த ரயிலே காட்டிக்கொண்டு போகிறது. தரமணியைச் சுற்றி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி, நிஃப்ட், மத்திய பாலிடெக்னிக், இதழியல் கல்லூரி, சட்டப் பல்கலைக்கழக வளாகம் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் சட்டமும் இதழியலும் படிப்பவருக்குத் தேவை நல்ல கீபோர்டும் கண்ணை உறுத்தாத ஸ்க்ரீனும்தான். படத்தொகுப்பு படிப்பவருக்கும் நிறத்தை நம்பி வேலை செய்யும் வடிவமைப்பு மாணவருக்கும் நான் சொல்லும் யோசனை பொருந்தாது. இருபதாயிரம் ரூபாய் அலுவலக லேப்டாப்பில் வரும் ஸ்க்ரீன்கள் பெரும்பாலும் நிறத்தைச் சரியாகக் காட்டாது. தனி கிராஃபிக்ஸ் சிப்பும் இராது. அவர்கள் கல்லூரியின் எடிட்டிங் அறையை நம்பியிருப்பதோ, பழைய வொர்க்ஸ்டேஷன் வகை இயந்திரத்துக்குக் கூடுதலாகப் பணம் சேர்ப்பதோதான் வழி. இதை மறைத்து எல்லாருக்கும் ஒரே மருந்து என்று சொல்வது தவறு.

கோட்டூர்புரத்தில் இறங்கினால் ஒரு பக்கம் ஐஐடி, கிண்டி பொறியியல் கல்லூரி. இன்னொரு பக்கம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம். பொறியியல் சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ‘ஐ7 வேண்டும், பதினாறு ஜிபி வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்’ என்று யாராவது ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து அறுபதாயிரம் எழுபதாயிரம் கடன் வாங்குகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவத்தில் வந்தது பைத்தான். பைத்தானும் சியும் ஜாவாவும் எழுத நான்கு கோர் ஐ5, எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி போதும். ஆட்டோகேடின் இருபரிமாண வரைபடங்களும் இதில் ஓடும். இயந்திரவியல் மாணவர் மூன்றாம் ஆண்டில் ஆன்சிஸில் பெரிய மாதிரியை ஓட்டும்போது இது திணறும், உண்மை. அந்த வேலைக்குக் கல்லூரி ஆய்வகம் இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்குகிறார்கள். செயற்கை நுண்ணறிவு படிப்பவர்களுக்குக் கூகுள் கோலாப் இலவசமாகவே கிராஃபிக்ஸ் சிப்பை ஓரளவுக்குப் பயன்படுத்தக் கொடுக்கிறது. சொந்த லேப்டாப்பில் நாற்பதாயிரம் கூடுதலாகக் கொட்டி வாங்கும் சின்ன கிராஃபிக்ஸ் சிப்பால் படிப்புக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இரண்டரைக் கிலோ எடையும் கூடவே வந்துசேரும். பஸ்ஸில் நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் வரும் மாணவிக்கு அந்த எடை தினசரித் தண்டனை.

ஸ்க்ரீனைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கோட்டூர்புரத்தைக் கடக்க முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்நூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. அதே பாதையில் சில நிலையங்கள் தள்ளி வரும் சேப்பாக்கத்தில், 1840இல் தொடங்கிய மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழோ வரலாறோ படிக்கும் மாணவருக்கு அது பெரும் சொத்து. 1366க்கு 768 என்ற பழைய ஸ்க்ரீனில் அந்தப் பக்கங்களைப் படித்தால் எழுத்துகள் பிசிறு தட்டும். பெரிதாக்கினால் பக்கத்தின் பாதி வெளியே போய்விடும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஃபுல் எச்டி ஸ்க்ரீன் இல்லாத லேப்டாப்பை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கலை அறிவியல் மாணவருக்கு ப்ராசசரைவிட இதுவே முக்கியம். விலை குறைக்க நினைக்கும் விற்பனையாளர் முதலில் கை வைப்பதும் இதில்தான்.

சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி அண்ணா சாலைக்கு வந்தால் ரிச்சி தெரு. மெட்ரோவில் வருபவர்களுக்கு அரசினர் தோட்டம் நிலையம் பக்கம். தெரு என்று பெயரே தவிர, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அடுத்தடுத்த சந்துகளும் சேர்ந்ததுதான் சந்தை. ரேடியோ, டி.வி. உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றிருந்த இடம், கணினி வந்தபின் கணினிக்கும் கைபேசி வந்தபின் கைபேசிக்கும் மாறிக்கொண்டது. டில்லியின் நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய மின்னணுச் சந்தை என்று இதைச் சொல்வார்கள். தலைக்கு மேல் வயர்கள், காலுக்குக் கீழே தெர்மோகோல், நடுவில் டூவீலர்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஆறடிக் கடையில் ஒருவர் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மதர்போர்டில் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருநூறு லேப்டாப்கள் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கப்பட்டிருக்கும். லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகிய மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். மூன்றும் அலுவலகங்களுக்கு மொத்தமாக விற்பதற்கென்று செய்யப்பட்ட வரிசைகள். கடைக்காரர் ‘ஐ ஃபைவ், எய்த் ஜென், எட்டு ஜிபி, டூ ஃபிஃப்டி சிக்ஸ்’ என்று ஒரே மூச்சில் சொல்லி விலையையும் சொல்லிவிடுவார். இருபதாயிரத்தை ஒட்டிய விலை இந்த வகைக்கு வழக்கம். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கலாம். 2018இல் வந்த திங்க்பேட் டி480. அடிப்பக்கத்தில் இரண்டு தாழ்ப்பாள்கள். இரண்டையும் விரலால் தள்ளினால் பின்பக்க பேட்டரி கையோடு வந்துவிடும். உள்ளே இன்னொரு சின்ன பேட்டரி இருப்பதால் வெளியே உள்ளதைக் கழற்றி வேறு மாட்டும்போதும் இயந்திரம் அணையாது. அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தினால் அவை கழன்று விழாமல் மூடியிலேயே நிற்கும். கழற்றுபவர் தொலைத்துவிடக் கூடாது என்று யோசித்துச் செய்தது. மூடியைக் கிளப்பினால் ரேமுக்கு இரண்டு இடங்கள், எஸ்எஸ்டிக்கு இடம், வைஃபை கார்டு, ஃபேன் என்று எல்லாம் தனித்தனியாகக் கழற்றும்படி கண்ணுக்கு முன் இருக்கும். எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படம் போட்ட பராமரிப்புக் கையேட்டை லெனோவோவே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. இதன் குறையும் எனக்குத் தெரியும். சார்ஜ் செய்யும் யுஎஸ்பி-சி பகுதியின் பழைய மென்பொருளில் ஒரு கோளாறு இருந்தது. அதைப் புதுப்பிக்காமல் ஓட்டிய இயந்திரங்களில் சார்ஜ் ஆகும் துளை செயலிழந்துபோகலாம். ஆகவே இரண்டு யுஎஸ்பி-சி துளைகளிலும் சார்ஜரை மாட்டிப் பார்த்துத்தான் டி480 வாங்க வேண்டும். டி490 என்றால் ரேமில் ஒன்று பற்றவைத்தது, ஒன்றுதான் மாற்றக்கூடியது. எலைட்புக் 840 ஜி5இல் சிலவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாதபடி மறைக்கும் ஸ்க்ரீன் வரும். வங்கி அதிகாரிக்கு அது நல்லது, மணிக்கணக்கில் படிக்கும் மாணவருக்கு மங்கலாகத் தெரியும். இப்படி ஒவ்வொரு மாடலின் குணமும் குறையும் ஊரறிந்ததாக இருப்பதே பழைய அலுவலக இயந்திரத்தின் பெரிய பலம். ஆயிரக்கணக்கில் ஒரே மாடல் சந்தையில் இருப்பதால் அதன் கீபோர்டும் ஹிஞ்சும் பேட்டரியும் அதே தெருவில் கிடைக்கும். பழுது பார்ப்பவரும் அதை நூறுமுறை திறந்தவராக இருப்பார். புது மலிவு மாடல்களோ ஆண்டுக்கொரு பெயரில் வந்து மறைபவை.

‘வாரன்டி இல்லாத பொருளை எப்படி நம்புவது?’ என்பதுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி, வலுவான கேள்வியும்கூட. புது லேப்டாப்புக்குக் கம்பெனி தரும் வாரன்டி வழக்கமாக ஓராண்டு. பி.ஏ., பி.எஸ்சி. மூன்றாண்டு; பி.இ. நான்காண்டு. எதை வாங்கினாலும் படிப்பின் பெரும்பகுதியை வாரன்டி இல்லாமல்தான் கடக்க வேண்டும். எனவே வாரன்டி முடிந்தபின் எது குறைந்த செலவில் சரியாகும் என்று கேட்பதே பொருத்தம். பேட்டரி போனால் மாற்றலாம், கீபோர்டு போனால் மாற்றலாம் என்ற நிலை பழைய திங்க்பேடில் இருக்கிறது. ரேமும் நினைவகமும் மதர்போர்டோடு ஒட்டிய புது மலிவு லேப்டாப்பில் ஒன்று போனால் மதர்போர்டே போனது. ஓராண்டு வாரன்டியால் முதல் வருட நிம்மதி கிடைப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதிக்காக மற்ற மூன்று வருடத்தையும் பணயம் வைப்பது கட்டுப்படியாகாது. ரிச்சி தெருவின் நல்ல கடைகள் மூன்று மாதமோ ஆறு மாதமோ தங்கள் பொறுப்பில் வாரன்டி தருகின்றன. அதை வாய்வார்த்தையாக விடாமல் பில்லில் எழுதி வாங்குவது அவசியம். அதோடு, கையில் உள்ள பணம் முழுவதையும் இயந்திரத்தில் போடாமல் மூவாயிரம் ரூபாயாவது ஒதுக்கி வைத்தால், ஓராண்டு கழித்துப் புது பேட்டரி போட உதவும்.

பழையதில் உள்ள உண்மையான ஆபத்து வேறு. அதைப் பலர் கேட்பதில்லை. கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களைத் தொலைவிலிருந்தே பூட்டவும் கட்டுப்படுத்தவும் ஏற்பாடு செய்து வைத்திருக்கும். கழிக்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்திருந்தால், பின்னால் மாணவர் விண்டோஸை மறுபடி நிறுவி இன்டர்நெட்டில் இணைத்த நிமிடத்தில் அந்தக் கம்பெனியின் பெயரோடு பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும். ஆகவே கடையிலேயே விண்டோஸை முழுவதும் ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, புது இயந்திரம் போலத் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அரைமணி நேரம் ஆகும். ‘அண்ணா, ரீசெட் பண்ணிக் காட்டுங்க, வெயிட் பண்றோம்’ என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி, எடுத்துட்டுப் போங்க’ என்பவரிடம் வாங்க வேண்டாம். இயந்திரம் தொடங்கும்போது லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தினால் பயாஸ் திறக்கும். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் அதையும் அப்படியே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பேட்டரிக்கு விண்டோஸிலேயே ஓர் அறிக்கை எடுக்க வழி உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்களையும் அது காட்டும். இரண்டாவது முதலாவதில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதைச் சொல்லும். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை லெனோவோ, டெல் தளங்களில் கொடுத்தால் அதன் வாரன்டி விவரம் வரும். இயந்திரத்தின் உண்மையான வயதை அதிலிருந்து கணித்துவிடலாம். இவ்வளவையும் பார்த்த பிறகு கால்மணி நேரம் ஒரு வீடியோவை ஓடவிட்டு, ஃபேன் ஓலமிடுகிறதா, கீபோர்டின் எல்லா எழுத்தும் விழுகிறதா என்று பார்த்தால் போதும். கைபேசிக் கேமராவில் படம்பிடிக்கும் அளவுக்குப் பளபளப்பாக இருக்கிறதா என்பது கடைசிக் கவலை.

திருட்டுப் பொருளாக இருக்குமோ என்ற பயத்துக்கு ஒரே மருந்து பில். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் தராத கடையில் எவ்வளவு குறைத்தாலும் வாங்கக் கூடாது. கல்விக் கடன் எடுத்தவர்களுக்கு அந்தப் பில் இன்னொரு வகையிலும் உதவலாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே, படிப்புக்குத் தேவையென்றால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழையதை வாங்குவதற்கும் கடன் கிடைக்குமா என்பதைக் கிளை மேலாளரிடம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

விண்டோஸ் பற்றிய எதிர்வாதம் கனமானது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளின் வழக்கமான காலத்தை மைக்ரோசாஃப்ட் முடித்தது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெலில் எட்டாம் ஜெனரேஷன் முதல்தான் அனுமதி. இதன் விளைவாக ஆறாம், ஏழாம் ஜெனரேஷன் லேப்டாப்கள் சந்தையில் பத்தாயிரம் பன்னிரண்டாயிரத்துக்கு வந்து குவிகின்றன. விவரம் தெரியாத மாணவர் தலையில் இவைதான் கட்டப்படுகின்றன. ஏழாம் ஜெனரேஷன் ஐ7 என்று பெருமையாகச் சொல்லி விற்பதும் மெல்லிய லேப்டாப்பில் இரண்டு கோர்தான். எட்டாம் ஜெனரேஷன் ஐ5 அதைவிட மேல். எட்டாவதும் கதவின் ஓரத்தில்தான் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்காண்டுப் படிப்புக்கு வாங்குபவர் இன்னும் ஐந்தாயிரம் சேர்க்க முடிந்தால் பத்தாம், பதினோராம் ஜெனரேஷனுக்குப் போவது நல்லது. முடியாவிட்டால் பயப்பட வேண்டாம். உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் இந்த இயந்திரங்களில் நன்றாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரே ஆபீஸும் அதில் இலவசம். தமிழ்நாட்டு மாணவருக்கு லினக்ஸ் புதிதும் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் தரப்பட்டது.

அந்தத் திட்டத்தைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. தங்கள் கல்லூரியும் ஆண்டும் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரிக்காமல் யாரும் கடைக்குப் போகக் கூடாது. கிடைக்குமென்றால் காத்திருப்பதே புத்திசாலித்தனம். மிச்சமாகும் பணம் விடுதிக் கட்டணத்துக்கு ஆகும்.

பழையதை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகுவானே என்ற வருத்தத்தைப் பெற்றோர் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனாலேயே தவணைக்குப் புதியதை வாங்கிவிடுகிறார்கள். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எழுபதாயிரம் எண்பதாயிரத்துக்கு ஒரு பொறியாளர் கையில் இருந்த இயந்திரத்தை நாலில் ஒரு பங்கு விலைக்கு வாங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் வெளியிடும் கார்பனில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும் பழையதைப் புதுப்பித்துத் திரும்பப் பயன்படுத்துவதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, ரேம் எது, எஸ்எஸ்டி எது என்று அவனே தொட்டுப் பார்க்கட்டும். தான் திறந்து பார்த்த இயந்திரத்தைப் பற்றி வகுப்பில் பேச அவனுக்கு நிறைய இருக்கும்.

ரேமைப் பற்றி மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். முன்பெல்லாம் ‘இப்போது எட்டு ஜிபி வாங்கு, பிறகு மலிவாகக் கூட்டிக்கொள்’ என்று சொல்வது வழக்கம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. கடையில் பதினாறு ஜிபி போட்ட இயந்திரம் ஒன்றிரண்டாயிரம் வித்தியாசத்தில் கிடைத்தால் அதையே எடுத்துவிடுவது நல்லது.

ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ இருப்பவர் சென்னைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. மதுரையிலும் கோவையிலும் இதே மால் விற்கும் கடைகள் உண்டு, இணையத்திலும் விற்கிறார்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் பார்த்து, அந்த நாட்களுக்குள் ரீசெட், பயாஸ், பேட்டரி, சீரியல் நம்பர் நான்கையும் சோதித்துவிட வேண்டும். ரிச்சி தெருவுக்கே வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். மற்ற நாளில் பதினொரு மணிவாக்கில் வாருங்கள். நாலைந்து கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். கையில் ஒரு பென்டிரைவும் ஒரு ஹெட்ஃபோனும் இருக்கட்டும், எல்லாத் துளைகளையும் மாட்டிப் பார்க்க அவை வேண்டும். பில்லை வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.